மேனேஜர் போறாரா, இருக்காரா?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலையில் சம்பளம் காதுக்குத்தான். வாய்க்கு 'நம்பர் ப்ளீஸ்', 'மூணு நிமிஷம் ஆச்சு' இரண்டுக்கு மேல் அனுமதி கிடையாது.

கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஊருக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர் யாராக இருந்தாலும், தபாலாபீஸ்காரரோ ரயில்வே டிக்கெட் கிளார்க்கோ, நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவீர்கள். நமக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கும். தெரிந்தாலும் நாம் சொல்லக் கூடாது. தெரியாது என்று சொன்னாலோ, அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் நான் பகல் டூட்டி ஆபரேட்டர். ஊரில் டெலிபோன் வைத்திருந்தவர்களே சொற்பம். ஒருவர் தன் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் என் முன்னால் உள்ள போர்டில் அவர் நம்பருக்கு மேலே ஒரு சின்ன மூடி டக்கென்று விழும். நான் ஒயரைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அந்த நம்பரில் மறுமுனையைச் சொருகுவேன். வெளியூர் என்றால் டிரங்க் கால். லைன் சரியாகக் கேட்கிறதா என்று நடுவே கொஞ்சம் காது கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டது வாசல் தாண்டக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்துக்குச் சோதனை எங்கள் ஊர் கால்பந்து டீமால் வந்தது. டீமின் மேனேஜர் ராயப்பன் சார். பகலில் தோல் கிடங்கில் குமாஸ்தா. ஐந்து மணிக்கு மேல் காக்கி அரை டிரவுசரும் விசிலுமாக மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் நிற்பார். ஆள் பொறுக்குவது, பழக்குவது, வெளியூர் ஆட்டத்துக்கு பஸ் பிடிப்பது, சுளுக்கிய காலுக்கு எண்ணெய் நீவுவது எல்லாம் அவர்தான். வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்த பதினோரு பேருக்கு பூட்ஸ் மாட்டி, மதுரைக்குக் கூட்டிப்போய்க் கோப்பை வாங்கி வரவைத்த மனிதர். அந்தப் பதினோரு பேரில் கோல்கீப்பர் சூசை என் கூடப்பிறந்த அண்ணன்.

பாதிப் பேச்சு

தை மாதத்தில் ஒரு நாள், தோல் கிடங்கு ராயப்பனுக்கு என்று கோயம்புத்தூரிலிருந்து டிரங்க் கால் வந்தது. நாலு நாள் கழித்து இன்னொன்று. மறு வாரம் மூன்றாவது. மூன்றும் ஒரே மில்லிலிருந்து. அந்த மில்லுக்குச் சொந்தமாக ஒரு கால்பந்து டீம் உண்டு என்பது திண்டுக்கல்லில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தோல் கிடங்கு குமாஸ்தாவிடம் மில்லுக்காரர்கள் தோல் விலையா விசாரிக்கப் போகிறார்கள்?

கிடங்கில் அவரோடு வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் விஷயத்தை அவிழ்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மேனேஜர் போறாரா, இருக்காரா என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சு இல்லை. மறுநாள் காலையில் அந்தக் குமாஸ்தாக்களில் ஒருவர் எக்ஸ்சேஞ்சு கவுன்ட்டரில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா மேரி, 'சரிங்க, யோசிக்கிறேங்க'ன்னு அவர் பேசுன பாதியை நாங்க கேட்டுட்டோம். மிச்சப் பாதி உங்கிட்டதான இருக்கு, அதைக் குடுத்துரு."

முப்பத்தொன்றும் பதினெட்டும்

முப்பத்தொன்றாம் நம்பர் ஒரு வக்கீல் வீடு. பதினெட்டு ஒரு பூட்டுக்கடை. அந்தக் கடை முதலாளியின் பட்டறையில்தான் சூசைக்கு வேலை. இரண்டு பேரும் ஒரு ஆட்டம் தவறவிட மாட்டார்கள். மேனேஜர் போய்விடுவார் என்பது வக்கீல் கட்சி. போகவே மாட்டார் என்பது கடைக்காரர் கட்சி. தினமும் காலை ஒன்பது மணிக்கு இரண்டு மூடியும் சேர்ந்தே விழுகிற மாதிரி இருக்கும்.

"மூணு பொம்பளைப் பிள்ளைகளை வச்சிருக்கிற மனுஷன்யா. மில்லுல குவார்ட்டர்ஸ் குடுக்கிறான். நீரு என்ன குடுத்தீரு? கழுத்துல மாலை போட்டீரு. அந்த மாலையை வச்சு சோத்துக்கு வெஞ்சனம் வைக்க முடியுமா?" என்பார் வக்கீல். "அவர் உண்டாக்குன டீமு ஐயா இது. வளத்த பிள்ளைகளை விட்டுட்டு ஒரு மனுஷன் போவாரா?" என்பார் கடைக்காரர். "பதினோரு பிள்ளையில ஒண்ணாச்சும் அவருக்குச் சோறு போடுதா?" என்று வக்கீல் மறுபடி பிடிப்பார்.

ஒரு நாள் அரைமணி ஆகியும் விடவில்லை. பதினெட்டாம் நம்பர் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் புகுந்து, "ஐயா, லைன் வேணுங்க" என்றேன். "இரும்மா. சாட்சி நீதான். நீயே சொல்லு, போறாரா இல்லையா?" என்றார் வக்கீல். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்று படபடவென்று சொல்லிவிட்டேன். "பாத்தீங்களா, எம்புட்டு வேகமாச் சொல்லுது! உள்ள ஏதோ விஷயம் இருக்கு" என்றார் கடைக்காரர். உடனே வக்கீல் கத்தினார்:

"விஷயம் இருந்தா அவர் போறாருன்னு அர்த்தம்யா! என் கேஸை எதுக்கு நீரு நடத்துறீரு?"

எந்த மேனேஜர்?

ஒரு மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது, வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெண் போர்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் டெலிபோனை எடுத்தால் நம்பர் சொல்லும் பழக்கம் குறைவு. அன்றைக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாரும், "மேனேஜரைக் குடும்மா" என்றிருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே மேனேஜர் பாங்கு மேனேஜர். அத்தனை பேரையும் அங்கே சொருகிவிட்டாள்.

அந்த பாங்கு மேனேஜர் கும்பகோணம் பக்கத்துக்காரர். கறாரான ஆள் என்று பெயர். அவருக்கும் அந்த வாரம்தான் மாற்றல் ஆர்டர் வந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நான் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியதும் முதலில் விழுந்த மூடி அவருடையது. "ஏழு பேர் கூப்பிட்டாங்கம்மா. 'எங்களை விட்டுட்டுப் போயிராதீங்க'ன்னு கெஞ்சினாங்க. ஒருத்தர் அழுதே விட்டார். ஆர்டரை ரத்து பண்ணச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப் போறேன்" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுதினார், ரத்தும் ஆயிற்று. அதற்கப்புறம் நாலு வருஷம் அந்த பாங்கில் எல்லாரிடமும் சிரித்த முகமாகவே இருந்தார். அன்றைக்கு டெலிபோனை வைக்கும் முன் அவர் சொன்னது:

"இத்தனை வருஷமா என்கிட்ட யாரும் நின்னு ஒரு வார்த்தை பேசினதில்லையேம்மா, உள்ளுக்குள்ள இவ்வளவு பிரியமா வச்சிருந்தாங்க!"

சனிக்கிழமை

பாலசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி சனிக்கிழமைதோறும் தேங்காய் லோடோடு திண்டுக்கல் வருவார். காயை மண்டியில் போட்டுவிட்டு, ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் பழனி பஸ் ஏறுவார். அவர் ஒரு நாள் மத்தியானம் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். "ஏனுங்க அம்மணி, அந்தக் கோயமுத்தூர் மில்லுக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றார். யாரிடம் பேச வேண்டும் என்றேன். "யாரு எடுத்தாலுஞ் சரிங்க" என்றார். அதற்கு முன் அவர் டெலிபோனைத் தொட்டதே இல்லை.

ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். லைன் கிடைத்ததும் பூத்துக்குள் போய், கோயம்புத்தூருக்கு நேரடியாகவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அவர் பேச்சைக் கேட்க எனக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. "எங்க மேனேஜர எடுத்துக்கறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. உங்களுக்கு மில்லு இருக்குது, மிசினு இருக்குது, எல்லா நாளும் இருக்குது. எங்களுக்கு இந்தச் சனிக்கிழமை ஒண்ணுதானுங்க. அதையுமா எடுத்துக்குவீங்க?"

மூன்று நிமிஷமும் முடிந்து வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஆனதால் ஆபீஸ் மூடி, வாட்ச்மேன்தான் எடுத்திருக்கிறான். என்ன சொன்னார்கள் என்று நானே கேட்டுவிட்டேன்.

"நல்ல மனுசனுங்க. 'எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குது, ஆனா இந்த மில்லுல என்னைய யாரும் கேக்க மாட்டாங்க'ன்னு சொன்னாருங்க."

சட்னி

ஊரையாவது சமாளித்துவிடலாம். வீட்டில் சூசை இருந்தான். "வாயைத் திறக்க வேணாம் மேரி. போறாருன்னா தலையை மட்டும் ஆட்டு" என்றான். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "அவர் போயிட்டா எங்களை யாரு பாப்பா? பட்டறையில அரம் போட்டுக்கிட்டே கெடக்க வேண்டியதுதானா?" என்று கேட்டான். மேனேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் அதுவும் ஒரு சேதிதானே? சொல்லவில்லை.

அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினான். ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம். என் பக்கம் இருக்கிற சட்னிக் கிண்ணம் வேண்டுமானால் அடுப்படியைப் பார்த்துச் சொல்லுவான்:

"அம்மா, அந்தக் கவர்மென்ட்டு டெலிபோனைச் சட்னியைத் தள்ளச் சொல்லுங்க."

பூத்துக்குள்

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராயப்பன் சாரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கிடங்கு டெலிபோனில் பேச விரும்பவில்லை போலும். கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட பூத்துக்குள் போய் நின்றார். லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு நான் ஐந்து விநாடியோடு நிறுத்தவில்லை.

"ஒண்ணாம் தேதி வந்து சேந்துருங்க. அந்த கோல்கீப்பர் பையனுக்கும் இங்க ஒரு வேலை போட்டிருக்கோம். கையோட கூட்டிட்டு வந்துருங்க" என்றது அந்தக் குரல். அப்புறம் ராயப்பன் சார் சொன்னார்: "நான் வாரேங்க. அவன் இப்ப வேணாம். நானும் போயி அவனையும் கொண்டுபோயிட்டா இங்க டீமே இருக்காது. ஒரு வருஷம் போகட்டுங்க."

என் அண்ணனுக்கு வந்த மில் வேலை என் காதுக்குள்ளேயே வந்து, என் காதுக்குள்ளேயே போய்விட்டது. பூத்துக் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல் இருந்தது. "மூணு நிமிஷம் ஆச்சு" என்றேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லைன் தெளிவா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "இருந்துச்சுங்க சார்" என்றேன். நான் யார் தங்கச்சி என்பது அவருக்குத் தெரியும். கதவருகே நின்று திரும்பினார்.

"அப்ப உனக்கும் கஷ்டந்தான். மன்னிச்சுக்க தாயி."

கிணற்றடி

அஞ்சு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ராயப்பன் சார் நிற்கிறார். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல் சொன்னார்: "சூசை, நான் போறேன். உனக்கும் அங்க வேலை குடுத்தாக. இப்ப வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். கோபம்னா எம்மேல கோபப்படு. மத்த பத்துப் பேருக்கும் நீ வேணும்."

சூசை கிணற்றடிக்குப் போனான். ஒரு வாளி தண்ணீரை இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்" என்றான். "கேட்டிருக்கலாம். நீ வாரேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார் அவர். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போனார்.

சூசை என் பக்கம் திரும்பினான். "உனக்கு இது தெரியுமா?" முதல் தடவையாகத் தலையை ஆட்டினேன். "எப்ப இருந்து?" "செவ்வாக்கெழமை" என்றேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அவன் ஈரத்தலையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சிரித்துவிட்டான்.

"நீதான் புள்ள கோல்கீப்பர். ஒண்ணைக்கூட உள்ள விடலையே!"

பிளாட்பாரம்

பொள்ளாச்சி வழி போகிற ரயிலில் அவர் குடும்பத்தோடு கிளம்பினார். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. பாலசமுத்திரத்துக்காரர் தேங்காய் மூட்டையை வண்டிக்குள் ஏற்றினார். பதினோரு பேரும் ஆட்டத்துக்குப் போகிற உடுப்பில் வரிசையாக நின்றார்கள். வழியனுப்ப வந்த பாங்கு மேனேஜர், நம் ஊரில் மேனேஜர்களுக்கே தனி மரியாதை என்று என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனார். வண்டி நகர்ந்ததும், போவார் போவார் என்று இரண்டு மாதம் வாதாடிய வக்கீல் தூணில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பூட்டுக்கடைக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேஸை ஜெயிச்சுட்டு அழுகுற வக்கீலை நான் இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

டீம் உடையவில்லை. அந்த வருஷம் மதுரையில் கோப்பை கிடைக்காவிட்டாலும் கடைசி ஆட்டம் வரை போனார்கள். அடுத்த தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து பதினெட்டாம் நம்பர் பூட்டுக்கடைக்கு, சூசையைக் கேட்டு ஒரு டிரங்க் கால் வந்தது. நான்தான் சொருகினேன். சூசை மில் வேலையில் சேர்ந்தான். அந்த மில்லிலேயே ரிட்டையர் ஆனான்.

அந்த இரண்டு மாதத்தில் என் போர்டு வழியாக 'போயிராதீங்க' எத்தனையோ போயிற்று, 'போயிருவாரு' அதைவிட அதிகம் போயிற்று, 'உங்களுக்குப் போக இஷ்டமா சார்' என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.