கண்ணுக்குக் கேட்ட பால்

அந்தப் பாலாடையை அவள் நீட்டிய விதம் இன்னும் கண்முன் நிற்கிறது. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சின்ன எவர்சில்வர் பாலாடை. மூக்கு நீண்டு, ஓரம் லேசாக நெளிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், செத்த நேரத்தில் வெளியே வந்து, சிந்திவிடக் கூடாதென்று இன்னொரு கையை அடியில் ஏந்தியபடி கொடுத்தாள். பாலாடை வெதுவெதுவென்று இருந்தது. "படுத்துக்கிட்டு ஊத்துங்கத்தை. உக்காந்துக்கிட்டு ஊத்துனா வழிஞ்சிரும்" என்றாள். சரி தாயி என்று வாங்கிக்கொண்டேன். என் கண்ணில் ஒன்றுமே இல்லை.

திண்டுக்கல்லில் நாங்கள் இருப்பது காம்பவுண்டு வீடு. ஒரே நடையில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். முதல் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்துப் பேசாமல் அனுப்ப எனக்குத் தெரியாது. "இவ வாயை வாடகைக்கு விட்டா நான் வேலைக்கே போக வேணாம்" என்பார் அவர். மூன்றாம் வீட்டுக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்தான் அந்தப் பெண். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதம் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள். புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவன், வீடு தங்கமாட்டான். அதனால் எதற்கெடுத்தாலும் அத்தை அத்தை என்று என் வாசலில்தான் வந்து நிற்பாள். பிள்ளை குளிக்க அழுதாலும் நான், தூங்க அழுதாலும் நான்.

என் மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட பூனை குட்டிம்மா. ஒருநாள் மாடியில் ஏதோ கடுவன் பூனையோடு சண்டை போட்டுவிட்டு இடது கண்ணை இடுக்கிக்கொண்டே இறங்கி வந்தது. விடாமல் நீர் வடிந்தது. மறுநாள் பார்த்தால் கருவிழியில் ஓர் இடம் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தாலும் சரி, சிவந்தாலும் சரி, முதலில் தேடுவது பிள்ளை பெற்றவளைத்தான். ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டால் கேட்கும் என்பார்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அதெல்லாம் மனுசருக்கு. பூனைக்கென்று ஒருத்தியின் மாரிலிருந்து எப்படிக் கேட்பது? அவ்வளவு பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "எனக்குக் கண்ணு உறுத்துது தாயி" என்றுதான் வந்தது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆடு மாடு ஓட்டி வந்தவர்கள் நடுவில் ஒரு பூனையை இடுக்கிக்கொண்டு போய் நின்றால் சிரிக்கமாட்டார்களா என்று கூச்சம். அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்துதான் இந்தப் பெரிய வெட்கத்தைத் தேடிக்கொண்டேன்.

தினமும் காலையில் போய் வாங்கினேன். ஒருநாள் அவள் என் முகத்தருகே குனிந்து, "செவப்பே காணமேத்தை, கொறைஞ்சிருச்சா?" என்றாள். அடுத்த நாளிலிருந்து, அவள் வாசலை மிதிப்பதற்கு முன்னால், புறங்கையால் என் கண்ணைத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பால் குறைந்தது. பிள்ளை குடித்து முடித்த கையோடு மறுபடி அழுதான். கன்னிவாடியிலிருந்து மாமியார்க்காரி வந்து இறங்கினாள். பால்சுறாவும் பூண்டுமாக ஆக்கிப் போட்டாள், கூடவே காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி, "நான் மூணு பெத்தேன், மூணுக்கும் வழிய வழியக் குடுத்தேன். இவளுக்கு ஒத்தப் புள்ளைக்கே ஊறலையாம். டப்பாப் பாலு வாங்கியாரச் சொல்லு ஒம் புருஷனை" என்று பேசவும் பேசினாள். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் என் வீட்டுக்குள் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அத்தை, மிச்சப் பாலை என்ன செய்யிறீங்க? அடுப்புல கிடுப்புல பட்டுச்சா? தீயில பட்டா வத்திப்போகும்னு எங்க மாமியா சொல்லுது."

"இல்ல தாயி. செடிக்குத்தான் ஊத்துறேன்."

குட்டிம்மா அவள் காலில் வந்து உரசியது. குனிந்து தடவிக்கொடுத்தவள் நிமிர்ந்து சிரித்தாள். "பாருங்கத்தை, இதுக்கும் கண்ணு சரியில்ல. ஒங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு போல." நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கவேயில்லை.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். பூனையின் கண் முழுக்க வெளுத்துக்கொண்டு வந்தது. பயத்தில் மறுபடியும் போய் நின்றேன். அவள் வீட்டில் பிள்ளைக்கே போதவில்லை என்று தெரிந்துதான் நின்றேன். அவள் ஒரு கணம் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "தூங்குறான். எந்திரிக்கிறதுக்குள்ள ஊறிரும்" என்று, எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாமல் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு வரக் கொஞ்சம் நேரமானது. பாலாடையில் அடி நனைகிற அளவுதான் இருந்தது.

குட்டிம்மாவைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டு, கட்டை விரலால் இமையைத் தூக்கி, பாலாடையைச் சாய்த்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பிள்ளை விழித்துவிட்டான், மருந்து கொடுக்கப் பாலாடை வேண்டும் என்று வந்திருக்கிறாள். அவள் பூனையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பாலாடையைத்தான் பார்த்தாள். கத்துவாள், காம்பவுண்டைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். கூட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. "அத்தை, அது எம் புள்ளைக்கு உள்ளது" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது பாலாடையையா, பாலையா? கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "என்ன தாயி, வெள்ளிப் பாத்திரமா இம்புட்டுத் தேய்க்கிற?" என்று கேட்டாள். "எறும்பு ஏறிருச்சுக்கா" என்றாள் அவள். கதவிடுக்கு வழியாக அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே பூனையைக் கட்டைப்பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளாட்டோடு வந்திருந்த ஒருவர், "கண்ணா? மொதல்ல நீ போத்தா" என்று வழிவிட்டார். டாக்டரம்மா ஒரு சாயத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டதும் விழியில் பச்சை பிடித்தது. நகம் கீறிய இடம் புண்ணாகிப் பள்ளம் விழுந்துவிட்டது என்றார். "என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டார். அங்கேதான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பாலு கிருமிக்குச் சாப்பாடும்மா. அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா சொட்டு மருந்துலயே தேறியிருக்கும்" என்றார். கண்ணை எடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று. தையலைப் பிறாண்டாமல் இருக்க, என் வீட்டுக்காரர் கால் ஒடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தை வெட்டிப் புனல் மாதிரி கழுத்தில் மாட்டினோம். "என் காலு எலும்பை மாட்டிக்கிட்டு என்னையே மொறைக்குது பாரு" என்று அவர் சொன்னதற்குக் காம்பவுண்டே சிரித்தது. மூன்றாம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மாமியார் ஊருக்குப் போனபின் அவளுக்குப் பால் மறுபடி ஊறியது. மனசு ஒடிந்தாலும் பால் குறையும், தீயில் பட்டதாலெல்லாம் வற்றாது என்று தடுப்பூசி போட வந்த நர்ஸ் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. வற்ற வைத்தது நான் இல்லைதான். வற்றிக்கொண்டிருந்தபோது கேட்டு வாங்கியது நான்தானே. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மாவு வாங்க வருவாள், அத்தை என்பாள், போய்விடுவாள். "அத்தை மாதிரி ஒரு மனுசி இந்தக் காம்பவுண்டுக்கே கெடைக்காது" என்று யாராவது அவள் எதிரில் புகழ்ந்தால், அவள் பாத்திரத்து மூடியைச் சரியாக்குவாள். பிறகு புருஷனுக்குச் சின்னாளப்பட்டிப் பக்கமே வாடகை வண்டி அமைந்து, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

போன மாதம் கடைசி வீட்டில் ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தாள். பையன் இப்போது ஓடுகிறான். நடையில் படுத்திருந்த குட்டிம்மாவின் மேல் போய் விழுந்து, தைத்து மூடிய கண்ணை விரலால் குத்தினான். நான் எழுந்திருப்பதற்குள் அவள் வந்து கையைப் பிடித்துவிட்டாள். "ஏலே, அக்காவை அடிக்கக் கூடாது. மெல்லத் தடவு. அது ஒனக்கு அக்கா."

"பூனை அக்காவாம்ல!" என்று எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பிள்ளைகளிடம் நாய்க்குட்டி தம்பி, கோழி அத்தை என்று பேசுவதில்லையா, அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். ஒரே பாலில் ரெண்டுக்கும் பங்கு இருந்தது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். குத்திக் காட்டினாளா, மன்னித்துவிட்டாளா, இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ நாளாக உள்ளுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா தாயி?" என்றுதான் வந்தது.

"ஆச்சுத்தை" என்றாள்.

பையன் "அக்கா, அக்கா" என்று தடவிக்கொண்டே இருந்தான். குட்டிம்மா கண் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பி அவனை ஏறிட்டுப் பார்த்தது. நான் நிமிரவேயில்லை.