கடற்பசுவின் கன்று

வேப்பிலை பூசி அது மூன்றாம் நாள். மகனுக்கு இரண்டு வயது முடிந்து நான்கு மாதமாகியும் பால்குடியை நிறுத்த முடியவில்லை. கடைசியில், இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டில் இருக்கும் அக்கா போனில் சொன்னபடி வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டேன். ஒரே ஒருமுறை வாய் வைத்தான். முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு இரவெல்லாம் அழுகை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். எங்கள் வீட்டில் கல் நான்தான்.

"வீட்லயே கெடந்தா ஒன் மடியத்தான் தேடுவான். மியூசியம் பக்கம் கூட்டிட்டுப் போயேன், மீனு கீனு பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் கணவர் கடை திறக்கப் போய்விட்டார். யோசனை சொல்வதற்கு என்ன, வாய்தானே. எங்கள் குடியிருப்பான லம்பா லைனிலிருந்து ஆட்டோ பிடித்தேன். ஒரு தோளில் அவன், மறு தோளில் தண்ணீர் பாட்டிலும் மாற்றுத் துணியும். பால் கட்டி மார்பு விண்விண்ணென்று வலித்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன்.

திமிங்கல எலும்பை அவன் சட்டை செய்யவில்லை. சங்கு, பவளம், புட்டியில் ஊறும் மீன் எதுவும் பிடிக்கவில்லை. மூலையிலிருந்த மின்விசிறிதான் பிடித்தது. தடுப்புக் கயிற்றைப் பிடித்து ஆட்டினான், தரையில் படுத்துப் புரண்டான். "பேட்டா, ஹாத் மத் லகாவோ" என்று காவலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார். தொடாதே, தொடாதே என்று நானும் சொல்லி அலுத்துப்போனேன். எங்கேயாவது உட்கார்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

கடைசி அறையில் பெஞ்சு கிடைத்தது. எதிர்ச்சுவரில் பெரிய படம். ஒரு கடற்பசு, அதன் துடுப்புக்கு அடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும் கன்று. எனக்கு முன்னால் அவன் பார்த்துவிட்டான். போச்சு என்று நினைத்தேன். கூடமே அதிர அழப்போகிறான், நானும் கொடுத்துவிடப் போகிறேன், மூன்று நாள் பட்ட பாடு வீண்.

அவன் அழவில்லை. படத்தின் அருகே போய், கன்றின் வாயைக் கையால் மறைத்தான்.

"வேணாம்," என்றான் அதனிடம். "கசக்கும்."

காவலாளி எழுந்து வந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்த வேப்பிலையைக் கொட்டினேன். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் அன்றிரவு அவன் பக்கத்தில் படுத்தேன்.

அவன் கேட்கவில்லை.