லாரிப் பட்டையும் கண்ணாடி வளையலும்

ஏழு மாதக் கர்ப்பிணியை உட்காரவைத்து ஓட்டப்போகிற சின்னக் காருக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை போட்டவன் நான். அதோடு விட்டேனா என்றால் இல்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று என் இடது கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையலை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் பண்ருட்டி ரோட்டில் வண்டி ஓட்டினேன். இதைப் பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள். சேர்க்க இடமிருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் நடுவில் நான் மஞ்சக்குப்பத்தில் வக்கீலாக இருந்தேன். கட்சிக்காரர்கள் அதிகம் தொந்தரவு செய்யாத வக்கீல். அதனால் காரைக் கவனிக்க நேரம் நிறைய இருந்தது. கார் எனக்கு மூன்றாவது கையாக வந்தது. முதல் இரண்டு கைகளும் அதன் உயிரை ஏறக்குறைய உறிஞ்சிவிட்டிருந்தன. நேர் ரோட்டில் யோக்கியமாகப் போகும். வளைவு வந்தால் தேவனாம்பட்டினத்துப் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு மறுபக்கம் சாயும். கெடிலம் பாலத்தில் ஏறி இறங்கினால் மஞ்சக்குப்பம் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வரும். என் மனைவி அதில் உட்காரும்போதெல்லாம் ஒரு கையால் கதவையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொள்வாள்.

ஆனி மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கப்படி வளைகாப்பு புருஷன் வீட்டில் நடக்கும். கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, மறுநாள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிரசவம் வரைக்கும் அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது, உடையவும் கூடாது. தாய்வீடு சிதம்பரத்தில். என் மாமனார் அங்கே அரிசி மண்டி வைத்திருந்தார். நாள் குறிக்க வந்தபோது அவர் என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கத்தை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். அது மேலும் கீழும் ஆடி, அடங்கவே மாட்டேன் என்றது.

"கண்ணாடி வளையலோட இதுலயா? பொண்ண ரயில்ல கூட்டிட்டுப் போறேன் மாப்ள" என்றார்.

இரண்டு வீட்டு ஜனங்களும் நின்றிருந்தார்கள். நான் வக்கீல் இல்லையா, வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. "மாமா, இந்த வண்டியிலதான் வருவா. ஒரு வளையல் விரிசல் விட்டாலும் வண்டிய வித்துடறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி சாவகாசமாகக் கேட்டாள். "வித்துடறேன்னு சொன்னது நெசந்தானே?"

"நீ எம் பக்கமா, ஒங்கப்பா பக்கமா?"

"நான் வளையல் பக்கம். வண்டி குதிக்காம ஓட்டிக் காட்டுங்க, வரேன். இல்லன்னா ரயிலு."

அப்படித்தான் காரைத் திருத்தும் யோகம் எனக்கு வந்தது. பழைய புத்தகக் கடையில் சீமையிலிருந்து வந்த மோட்டார் பத்திரிகை ஒன்று எப்போதோ வாங்கியிருந்தேன். சின்னக் காரை வளைவுகளில் ஒழுங்காக ஓடவைக்க எதை முதலில் மாற்றுவது என்று அதில் ஒரு கட்டுரை. இணைப்புகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை முதலில் மாற்று என்றது. பிறகு குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பரைப் பார், எண்ணெய் வற்றியிருக்கும் என்றது. டயரில் காற்றைச் சரியாக வை என்றது. சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்கிற எஃகுப் பட்டைகளை மாத்திரம் கடைசியில் தொடு, தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது என்றது.

இதில் எந்த வரியும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், புஷ் மாற்றினால் யாரிடம் காட்டுவது? சுண்டைக்காய் அளவு ரப்பர், வண்டிக்கு அடியில் கிடக்கும். மாமனார் வந்து நிற்கும்போது, "மாமா, கொஞ்சம் படுத்து உள்ளே பாருங்க" என்று சொல்ல முடியுமா? எண்ணெய் அதைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. பட்டை அப்படியல்ல. எஃகு. கறுப்பாகப் பளபளக்கும். தூரத்திலிருந்தே தெரியும். பந்தியில் உட்கார்ந்ததும் பாயசத்தைக் கேட்கிற ஆள் நான். நேரே பட்டைக்குப் போனேன்.

பண்ருட்டியில் பலாப்பழ லாரிகளுக்கெல்லாம் பட்டை கட்டுகிற பாய் ஒருவர் இருந்தார். மகா உற்சாகமான மனுஷர். என் காரைப் பார்த்ததும் குனிந்து, எறும்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வக்கீல் சார், இதுக்குப் பட்டையா? இத நான் மடியில வெச்சே வேலை பாத்துடுவேனே."

"வளைவுல சாயுது பாய். குலுங்குது."

"ரெண்டு பட்டை சேத்துட்டா சாயுமா? நம்ம கட்டுன லாரி பழத்த ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போவுது. ஒரு பழம் வெடிச்சதுன்னு யாரும் வந்ததில்ல."

"கண்ணாடி வளையல் தாங்குமா?"

"பலாவே தாங்குது, வளையல் எம்மாத்திரம்?"

இந்த வாதத்தில் இருந்த ஓட்டை ஒரு முனிசீப் கோர்ட்டு குமாஸ்தாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. லாரிக்கு உதவாமல் கழித்துப்போட்ட பட்டைகளை வெட்டி, அடித்து, பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டினார். வேலை முடிந்து வண்டியைக் கீழே இறக்கியதும் பின்பக்கம் வானத்தைப் பார்த்தது, மூக்கு பூமியைப் பார்த்தது. சந்நிதியில் விழுந்து கும்பிடுகிறவர் மாதிரி ஒரு தோற்றம்.

"பின்னால ரொம்பத் தூக்கிட்டு நிக்குதே பாய்."

"லோடு ஏறுனா எறங்கிடும். ஜாஸ்தி யோசிக்காதீங்க."

சொல்லிக்கொண்டே பெரிய பழமாக நாலைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். பண்ருட்டிக்கு வந்தவனை வெறுங்கையாக அனுப்பினால் பாவமாம். வண்டியும் சொன்னபடி இறங்கி மட்டமாக நின்றது. கடைத்தெருவில் ஒரு டஜன் வளையல் வாங்கினேன். ஸ்டியரிங்கில் கட்டினால் அது சோதனையாகாது, வளையல் கையில் அல்லவா இருக்கப்போகிறது? சோப்பு போட்டுத் தேய்த்து என் கையிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஆஹா, அன்றைய சவாரி. நெல்லிக்குப்பத்து வளைவில் வண்டி சாயவில்லை. பள்ளங்களில் யானைபோல் நிதானமாக இறங்கி ஏறியது. வளையல் கிணுகிணுத்ததோடு சரி. வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக் கையை வெளியே நீட்டினேன். என் மனைவி கதவருகே வந்து எண்ணிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஒடையல" என்று ஒப்புக்கொண்டாள். அடுத்த நிமிஷம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன பலா வாசன? எனக்குக் கொமட்டுது. இந்தப் பழம் இருக்கற எடத்துல நான் இருக்க மாட்டேன்."

பழங்கள் அக்கம்பக்கத்துக்குப் போயின. மறுநாள் வெற்றி போதையில் மறுபடியும் வளையலோடு ஒரு சுற்றுக் கிளம்பினேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் பொழுதுபோகாமல் பக்கத்தில் வந்து நின்றார். என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"எத்தினியாம் மாசம் சார்?"

பதில் சொல்வதற்குள் நல்லவேளையாக ரயில் வந்தது. கேட் திறந்தது. தண்டவாளத்தின் மேல் ஏறினேன். வண்டி ஏறவில்லை, எகிறியது. கோபித்துக்கொண்ட ஆட்டுக்குட்டி மாதிரி பின்கால் இரண்டையும் தூக்கி உதறியது. ஷாக் அப்சார்பரில்தான் எண்ணெய் இல்லையே, அடக்க ஆளில்லாமல் மறுபடி மறுபடி உதறியது. ஆறு வளையல் தூள், கையில் ரத்தம். பின்னாலிருந்து கேட்காரர், "பாத்துப் போங்க, மாசமா இருக்கறப்ப வண்டி ஓட்டலாமா?" என்று அக்கறையாகச் சொன்னது காதில் விழுந்தது.

கேட்டைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டியபோதுதான் விளங்கியது. நேற்று நன்றாக ஓடியது என் கார் அல்ல, நாலு பலாப்பழம். அத்தனை தடித்த பட்டை, பாரம் இருந்தால்தான் வளையும். பாரம் இல்லாவிட்டால் அது ஸ்பிரிங்கும் இல்லை, ஒன்றுமில்லை, இரும்பு உத்தரம். மரியாதையாகப் பண்ருட்டிக்குத் திரும்பி அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் மனைவியிடம் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். அதனால் வக்கீல் மூளை வேறு வழியில் போயிற்று. நாலு பலாப்பழம் கனத்துக்கு வாசனையில்லாத ஏதாவது வேண்டும்.

வளைகாப்புக்கு முதல்நாள் ராத்திரி மாமனார் வந்து இறங்கினார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. சந்தனம் பூசியிருந்தார், பலா வாசனை கிடையாது. ரிக்ஷாவிலிருந்து அவர் இறங்கியதும் ரிக்ஷா மூச்சுவிட்டதைப் பார்த்தேன். என் கவலை தீர்ந்தது.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. மறுநாள் புதன்கிழமை. சிதம்பரம் பாசஞ்சர் பன்னிரண்டு மணிக்கு மேலே. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். மாமனார் பஞ்சாங்கத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். பஞ்சாங்கம் மாறவில்லை, ரயிலும் மாறவில்லை.

"பன்னெண்டுக்குள்ள கெளம்பிடணும். வேற வழியில்ல, ஒங்க வண்டியிலயே போவோம்" என்றார், கசப்பு மருந்து குடிப்பவர்போல.

"நீங்க பின்னால தாராளமா உக்காருங்க மாமா. நடுவுல. நல்லா சாஞ்சு."

"என்ன மாப்ள, திடீர்னு உபசாரம் பலமா இருக்குது?"

அவர் ஏறியதும் வண்டி மட்டமாயிற்று. மனைவி என் பக்கத்தில், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். ஆலப்பாக்கம் தாண்டினோம், புதுச்சத்திரம் தாண்டினோம். யானை நடை. வளையல்கள் பேசிக்கொண்டு வந்தனவே ஒழிய சண்டை போடவில்லை. முட்லூர் வளைவில் அவள் கதவையும் பிடிக்கவில்லை, என் காலரையும் பிடிக்கவில்லை. மாமனார்கூட, "பரவால்ல மாப்ள, அன்னிக்கி ஆடுன வண்டியா இது?" என்றார். கார் என் கையை விட்டுப் போகாது என்று நம்ப ஆரம்பித்தேன்.

புவனகிரியில், வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் மாமனார், "நிறுத்துங்க. புள்ளத்தாச்சியோட ஆத்தத் தாண்டறோம். புள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. "எறங்காதீங்க மாமா. நான் ஒடச்சிட்டு வரேன்."

"நான் வேண்டிக்கிட்டது. நீங்க ஒடச்சா எப்பிடி?"

கதவைத் திறந்து இறங்கினார். 'டங்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் குபீரென்று எழும்பியது. முன்சீட்டில் நாங்கள் இருவரும் பிள்ளையாருக்கு ஒரு குட்டுப் போட்டுக்கொள்ளும் பாவனையில் முன்னால் குனிந்தோம். இரண்டு கை வளையலும் ஒரே குரலில் சிலிர்த்தன. ஒன்றும் உடையவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா, கொஞ்சம் ஏறி உக்காருங்க."

ஏறினார். வண்டி இறங்கியது.

"இப்ப எறங்குங்க."

இறங்கினார். டங்.

"எதுக்கும்மா?" என்றார் அவர், தேங்காயும் கையுமாக.

"பண்ருட்டியிலேருந்து பழம் ஏத்திக்கிட்டு வந்தன்னிக்கி ஒரு வளையல் ஒடையல. மறாநாள் கையில துணி சுத்திக்கிட்டு வந்தாரு, கேட்டா தகரம் கிழிச்சிடுச்சின்னாரு. இப்பதான் தெரியுது. நீங்க எறங்கிட்டா இது குதிக்கும்ப்பா. ஒங்கள பழத்துக்குப் பதிலா ஏத்தியிருக்காரு."

மாமனார் தேங்காயை உடைத்தார். என்னை நினைத்துக்கொண்டு உடைத்தார் என்று தோன்றியது, பிள்ளையார் கோயில் வாசல் முழுக்கச் சில்லு.

"எங்க மண்டியில மூட்டையத்தான் எடை போடுவோம் மாப்ள. ஆள எடை போட்டதில்ல" என்றார். வேஷ்டியைத் தட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார். "நான் பஸ்ல வரேன்."

அவர் பஸ்ஸில் போனால் அவளும் பஸ்ஸில்தான் போயாக வேண்டும். என் வாதங்கள் எதுவும் செல்லவில்லை. பஸ் வந்தது, நின்றது, முன்சீட்டில் இடம் கொடுத்தார்கள். தடித்த பட்டையின் மேல் ஐம்பது பேர் கனத்தோடு அது குலுங்காமல் பாலத்தில் ஏறியது. என் பட்டை இருக்க வேண்டிய இடம் அதுதான். பின்னாலேயே நான் காலி வண்டியில் துள்ளித் துள்ளிப் போனேன். சிதம்பரம் கீழவீதியில் நுழைந்தபோது மூக்கைத் தரையில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்த என் காரைப் பார்த்து, பூக்கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று வழிவிட்டார்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வளையல் எல்லாம் பத்திரம். ஒன்றும் உடையவில்லையே, ஆக நான் சொன்ன சொல் தவறவில்லை, கார் பிழைத்தது என்று எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "இந்தப் பட்டையக் கழட்டி எறிஞ்சிடறேன். மொதல்ல புஷ்ஷு, அப்பறம் ஷாக்கு. எல்லாம் அந்தப் பத்திரிகையில சொன்ன வரிசைப்படி. கொழந்தையோட ஒன்னக் கூட்டிட்டுப் போக வரப்ப வண்டி தொட்டில் மாதிரி இருக்கும் பாரு."

அவள் வளையலை ஒவ்வொன்றாக மணிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரயில்ல வாங்க."