அண்ணன் அகராதியில் ஆடம்பரம்

எங்கள் வீட்டில் "ஆடம்பரம்" என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் உரிமை அண்ணனுக்கு மட்டும்தான். பாக்கார் ஆராங்கில் அவர் வாங்கிய மாடி வீட்டில், கூடத்தில் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்கு ஆடம்பரம் இல்லை, அது வசதி. படுக்கையறைகள் மூன்றையும் குளிரவைத்து ஏர்கோன் ஓடியதும் வசதிதான். சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நீட்டிய அறையில் படுத்திருந்த அப்பா, தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டாரே, அதுதான் ஆடம்பரம்.

அப்பா செமிலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். எதையும் கேட்டுப் பழகாத மனிதர். கடைசி வருடம் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு, மத்தியானத்தில் அந்தத் தகரம் கக்கும் சூட்டைத் தாங்க முடியாமல்தான் வாயைத் திறந்தார்.

"ரப்பர் காட்டுல வெயிலு மழ பாக்காம கெடந்தவருக்கு இப்ப ஏர்கோன் கேக்குதா? ஆடம்பரம்லா," என்றார் அண்ணன், அவர் காதுபடவே.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றேன். அண்ணனோடு மல்லுக்கு நிற்கப் பயந்து, ஈரத்துண்டை எடுத்து அப்பாவின் முதுகைத் துடைத்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அந்த அறையிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணன் மண்டபம் எடுத்தார். ஆளுயரத்துக்கு அப்பாவின் படம், அதைச் சுற்றி வெள்ளைப் பூ அலங்காரம், வந்தவர்கள் கொண்டுபோக அப்பாவின் முகம் ஒட்டிய எவர்சில்வர் டப்பா. "அப்பாவுக்கு கிராண்டா செஞ்சிட்டீங்கண்ணே," என்று யாரோ சொல்ல, அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் கடமை.

படத்தின் முன் தலைவாழை இலை விரித்தார்கள். இறந்தவர் அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போவார் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். ஆட்டுக்கறி, நெத்திலி சம்பல், சுருட்டு வரைக்கும் அண்ணன் மறக்கவில்லை.

மண்டபத்தில் நல்ல குளிர். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதைப் பார்த்து, அண்ணன் மண்டபத்து ஆளைக் கூப்பிட்டார். "தம்பி, ஏர்கோன கொஞ்சம் கொறச்சி வைலா."

"கொறைக்காதீங்க தம்பி," என்றேன். உறவு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பா சாப்புட வர்ற நேரம்ண்ணே. அவரு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்."