விஜயராணியின் திங்கட்கிழமைத் தீர்ப்பு

திங்கட்கிழமை காலையில் என் வேனில் யாரும் தூங்க மாட்டார்கள். மலாக்காவில், லூபோக் சீனா என்கிற ஊரிலிருந்து பாச்சாங் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன் நான், காளிதாஸ். வழியில் தங்கா பத்துவில் விஜயராணி ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான், மற்றவர்கள் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அவள் பிறந்தது ரப்பர் தோட்டத்து லய வீட்டில். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது குடும்பத்தோடு தங்கா பத்துவுக்கு வந்தவள். பள்ளியை விட்டதிலிருந்து கையுறைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சினிமாவில் பெரிய ஞானி என்று அவளே சொல்லிக்கொள்ள மாட்டாள். "நமக்கு என்னாண்ணே தெரியும்? புடிச்சா புடிச்சதுன்னு சொல்வேன், இல்லாட்டி இல்லைலா," என்பாள். அட, அதைச் சொல்லத்தானே ஊரில் ஒருத்தருக்கும் வாய் வருவதில்லை!

ஒரு பெரிய நடிகரின் படம் வந்தபோது ஊரே பட்டாசு வெடித்தது. இவள் ஏறி உட்கார்ந்தாள். "ஹீரோ நடந்து வர்றதுக்கே அரைமணி நேரம். கதைக்கு வர்றதுக்குள்ள நான் கொண்டுபோன கச்சாங் கடலை காலி. ஆனா சண்டை சூப்பர்லா, பொய் சொல்லக்கூடாது." பின்சீட்டு மலர்க்கொடி அந்த நடிகரின் ரசிகை. வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

இன்னொரு முறை, புதுமுகங்கள் நடித்த சின்னப் படம். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுச் சேர்கிற கதை. சொல்லும்போதே விஜயராணி அழுதுவிட்டாள். "என் வீட்டுக்காரரு எந்தப் படத்துக்கு வந்தாலும் குறட்டை விடுவாரு. இதுல தூங்கலைண்ணே. என் கையைப் புடிச்சுகிட்டாரு." அந்த வாரமே மொத்த வேனும் அந்தப் படத்துக்குப் போனது. நானும் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உள்ளூர்ப் பையன் நிவேந்திரன் ஒரு படம் எடுத்தான். லாரி ஓட்டுகிற அப்பா வேடத்துக்கு என்னைப் பிடித்துப் போட்டான். செத்துக் கிடக்கிற மகனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு அழுதேன். அடுத்த படத்துக்கும் கூப்பிட்டான். எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இந்த வயதில் ஊர் சிரிக்க ஆடக் கூடாதே! வீட்டில் அழுது காட்டினால் பிரமாதம் என்கிறார்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விஜயராணி நல்லா இருக்கு என்றால் போவது, இல்லையென்றால் ஸ்டியரிங்கோடு இருந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

படம் வெளிவந்த அடுத்த திங்கட்கிழமை ஏறினாள். பாட்டு இனிமை என்றாள். ஹீரோயினுக்கு வாயசைவு ஒட்டவில்லை என்றாள். நம்ம ஊர்க் கடற்கரையைத் திரையில் பார்த்ததும் கை தட்டினாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சிவப்பு விளக்கில் வேனை ஒரு குலுக்குக் குலுக்கி நிறுத்தினேன்.

"ஏம்மா, நான் ஒருத்தன் அந்தப் படத்துல இருந்தேனே, கண்ணுக்குத் தெரியலையா?"

விஜயராணி முன்பக்கம் குனிந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அழுதீங்களே, அது எனக்குப் புடிக்கலை. பக்கத்து சீட்டு அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிகிட்டேன்."

முடிந்தது என் சினிமா. பச்சை விளக்கு எரிந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

"ஆனா அதுக்கு முன்னாடி, லாரிப் படியில தனியா உக்காந்து ரோட்டையே பாப்பீங்களே..." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது நீங்கன்னே எனக்கு மறந்துபோச்சுண்ணே. தோட்டத்தை விட்டு வந்த அன்னைக்கு எங்கப்பா அப்படித்தான் உக்காந்திருந்தாரு."

சும்மா வாயை மூடிக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் இவளிடம் போய்ப் பொய்யா?

"அது நடிப்பே இல்லைம்மா. கேமரா ஓடுறது எனக்குத் தெரியாது. சாப்பாட்டு வண்டி வருதான்னு பாத்துகிட்டு இருந்தேன். அப்படிப் பசி!"

வேனே குலுங்கியது. மலர்க்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஜயராணியும் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த படத்துலயும் நடிக்காதீங்கண்ணே," என்றாள். "பேசாம உக்காருங்க. நான் டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்."

அன்று மாலையே நிவேந்திரனுக்குப் போன் போட்டேன்.

"வர்றேன்டா தம்பி. அழுகை சீன் மட்டும் வேணாம். அப்புறம், சாப்பாட்டைக் கொஞ்சம் லேட்டா அனுப்பு."