எட்டாம் நம்பர் இல்லாத சர்வர்

பேக்கப் எடுக்கிறவன் வேலை ஒழுங்காக நடக்கிறவரைக்கும் அவனை ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் சொதப்பினால் வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் தெரிந்துவிடும். நான் வில்லியனூரில் ஒரு கல்யாண ஆல்பம் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் மகாஜனங்களே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

ஏசி எதுக்கு?

லேபில் இருப்பது ஒரே ஒரு பெரிய பெட்டி. அதற்குள் சாஃப்ட்வேரிலேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் டிஸ்க் டிஸ்க்காகச் சேர்த்து, கல்யாண போட்டோ அத்தனையையும் அதில்தான் போட்டு வைக்கிறோம். விர்ச்சுவல் சர்வர் என்று பேர். தொட்டுப் பார்க்கிற பொருளாக அது எங்கேயும் கிடையாது என்று முதலாளிக்குப் புரியவைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்ட மனுஷன் கடைசியில் கேட்டார்: "இல்லாத கம்ப்யூட்டருக்கு எதுக்குப்பா ஏசி?"

எட்டு வேணாம்

ஏழு டிஸ்க் நிறைந்து எட்டாவதைச் சேர்க்கப் போனபோது முதலாளி பதறிவிட்டார். பைக் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று வந்த வண்டியையே வேண்டாமென்றவர் அவர். தங்கமான மனுஷன், எட்டு மட்டும் ஆகாது. சரி, எதற்கு வம்பென்று அந்த டிஸ்க்குக்கு '7ஏ' என்று பேர் வைத்தேன். அடுத்தது ஒன்பது, பத்து என்று பன்னிரண்டு வரைக்கும் போனது.

பிறகு பேக்கப்புக்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக டிஸ்க்குகளை வேறொரு பெட்டியில் நகலெடுக்கும். நடுவில் ஏதாவது நம்பர் இல்லாவிட்டால் வாயைத் திறக்காமல் தாண்டிப் போகும். எட்டு இல்லை, தாண்டிப் போனது. 7ஏ என்று ஒன்று இருப்பதை அதனிடம் சொல்ல மறந்த புத்திசாலி அடியேன்தான்.

தினமும் காலையில் 'பேக்கப் முடிந்தது' என்று பச்சை டிக் வரும். ஆல்பம் டிசைன் செய்கிற முபாரக்கிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் கேட்டான்: "எடுத்து எடுத்து வைக்கிறியே அண்ணே, ஒரு நாளாவது திருப்பி எறக்கிப் பாத்தியா?"

தராத பென் டிரைவ்

குருவிநத்தம் தனலட்சுமியம்மா தன் மகள் ஜெயந்தியின் கல்யாணப் போட்டோவுக்கு எங்களிடம்தான் சொல்லியிருந்தார். ஆல்பத்துக்கு வேண்டியதைப் பொறுக்குவதற்காகப் போட்டோக்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்போம். படங்களைச் சின்னதாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று லேபில் ஒரு சட்டம். அன்றைக்கு எனக்குச் சோம்பேறித்தனம், ஒரிஜினலையே அப்படியே கொட்டிக் கொடுத்துவிட்டேன்.

மாசம் மூன்றாகியும் பென் டிரைவ் திரும்பவில்லை. ஃபோன் போட்டால், "இன்னும் பாத்துக்கினே கீறோம் தம்பி" என்பார். "அடுத்த பார்ட்டிக்கு பென் டிரைவ் வேணும்மா!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ணு கல்யாணம் மொத்தமும் அதுலதான் கீது. அத்த எப்புடிப்பா குடுக்கறது?"

ஆனாலும் மறுவாரம் பாகூர் பஸ்ஸில் வந்த ஊர்க்காரர் ஒருவர், போட்டோ நம்பர் எழுதிய நோட்டுத்தாளோடு ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் அழித்து, அடுத்த கல்யாணத்தை அதில் ஏற்றிவிட்டேன்.

கேமராக்காரர் முதுகு

ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டி படுத்துவிட்டது. நான் அசரவில்லை, பேக்கப் இருக்கிறதே! புதுப் பெட்டி வந்தது, கெத்தாக உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கினேன். எண்ணினால் பதினொன்று. திரும்ப எண்ணினேன், அப்போதும் பதினொன்றுதான். 7ஏ-வைக் காணோம். அதிலிருந்த மற்ற கல்யாணங்கள் எல்லாம் ஆல்பமாகிப் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஜெயந்தி கல்யாணம் ஒன்றுதான். கேமரா கார்டில் அதற்குள் வேறு கல்யாணம். பழைய பெட்டியைப் பார்த்த ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த வாரமே ஜெயந்தி வந்து நின்றாள். திருக்கனூரில் மாமியார் வீட்டிலிருந்து நேராக வருகிறாள். மாப்பிள்ளை பிரான்சில், இவள் விசாவுக்குப் புதன்கிழமை ஃபைல் கொடுக்க வேண்டும். அதில் கல்யாண போட்டோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலே வாங்க மாட்டார்கள், மறுபடி எப்போது தேதி கிடைக்குமோ தெரியாது. "செல்போன்ல யாரும் எடுக்கலியாம்மா?" என்று கேட்டேன். அழுகையும் ஆத்திரமுமாகச் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: "தாலி கட்டறப்ப எல்லாத்துலயும் உங்க கேமராக்காரர் முதுகுதான் சார் கீது. இத்தக் காட்டி இவருதான் மாப்பிளன்னு சொல்லவா?"

பிஸ்கட் டப்பா

மறுநாள் மன்னிப்புக் கேட்கக் குருவிநத்தம் போனேன். திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு. தனலட்சுமியம்மா கத்திரிக்காய் தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். 7ஏ, பச்சை டிக், அழித்த பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், அவற்றுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு பென் டிரைவ்.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையாமல் அத்தனையும் ஒரிஜினல்! மாப்பிள்ளை முகம், தாலி, ஜெயந்தியின் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். "அப்போ எனக்கு வந்தது?" என்றேன்.

"பென் டிரைவு வேணும்னுதான கத்துன, கல்யாணம் வேணும்னா கேட்ட? அதான் கடையில புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தனுப்புனேன்."

ஜெயந்தி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், முதலாளியிடம் மல்லுக்கட்டி நானும் எட்டாம் நம்பரைச் சேர்த்துவிட்டேன், ஆனாலும் பன்னிரண்டு டிஸ்க்கும் ஏசியும் பச்சை டிக்கும் வைத்திருந்த எங்களில் ஒழுங்காகப் பேக்கப் எடுத்த ஒரே ஆள் குருவிநத்தத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருக்கிறார்.