போர்வையின் அடித்துணி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தம்பி சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு குழந்தைப் போர்வைக்கு நூல் வாங்கப் போய், இரண்டு குடும்பங்கள் சமாதானம் பேச வேண்டி வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

தம்பி மனைவிக்கு அப்போது ஏழு மாதம். கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். கல்யாணமாகி வந்த பிறகு தமிழ் கற்றுக்கொண்டவள். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். அவர்கள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், நான் கிள்ளானில். பிள்ளை பிறக்கும் முன்னால் புதுச் சாமான் எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நூலைச் சாமான் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை அவளைக் கிள்ளானுக்கு வரச் சொல்லிக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்கார அக்கா, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு நூல் ஒட்டிய அட்டையை எடுத்துப் போட்டார். "பேபிக்குன்னா காட்டன் நூலே எடுங்க லா. பாலியெஸ்டர் கழுத்துல உரசும்" என்றார். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற என்னிடமே சொல்கிறார். உள்ளே வைக்கத் தடித்த பஞ்சு விரிப்பு ஒன்றையும் தள்ளிவிடப் பார்த்தார். இந்த ஊர் வெயிலுக்கு அதை வைத்தால் பிள்ளை புழுங்கிப் போகும் என்று சொல்லி, மெல்லிய பருத்தி ஃபிளானல் எடுத்தேன். மேல்துணிக்கு என்னிடமே துண்டுகள் சேர்ந்திருந்தன. என் பருத்திப் புடவைகளில் நல்ல பாகங்கள், தம்பி மனைவி சின்ன வயதில் போட்ட பூப்போட்ட கவுன், என் எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் கொடுத்த பாத்தேக் அச்சுத் துணி.

அடித்துணி மட்டும் எது என்பதில் எனக்கு யோசனையே இல்லை. அப்பாவின் வேட்டி. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டோம். வாழ்ந்து நிறைந்த ஒருவர் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் போடுவோம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். ரயில்வே வேலைக்கும் போய்க்கொண்டு, எனக்குத் தலையும் பின்னிவிட்டு வளர்த்தவர் அப்பா. தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பத்துமலை முருகன் கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் மட்டும் கட்டிய வேட்டியை நான் யாருக்கும் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். அவர் மடியில்தான் அந்தப் பிள்ளை கிடக்க முடியாது, வேட்டியிலாவது கிடக்கட்டும் என்றிருந்தது எனக்கு. அதைத் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை.

வெள்ளை வேட்டிக்கு மயில்கழுத்து நீல நூல் எடுத்தேன். தம்பி மனைவி அட்டையைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள். பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் தம்பி போன் பண்ணினான். சுற்றி வளைத்து, மழையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். வெள்ளையில் நீல நூல் என்பது அவர்களுக்குச் சாவு வீட்டுத் துணியாம். அதிலும் இறந்துபோனவர் துணியாம். அந்தப் போர்வை வீட்டில் இருந்தால் தான் வரப்போவதில்லை என்று அவன் மாமியார் மகளிடம் சொல்லிவிட்டாராம்.

அந்த அம்மா கல்யாணத்துக்கே வராதவர். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் மனம் இளகி, பிள்ளை பிறந்ததும் ஒரு மாதம் வந்திருந்து பத்தியம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது நான் பிடிவாதம் பிடித்தால் அவளுக்குத் தாய் இல்லை. விட்டுக்கொடுத்தால் என் அப்பாவுக்குப் பேரப்பிள்ளை இல்லை.

நன்றாகக் கத்தினேன். என் அப்பாவின் துணி தீட்டா, அவர் என்ன அல்பாயுசில் போனாரா என்று கேட்டேன். தம்பி பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "நீயே ஒரு வழி சொல்லுக்கா, நான் எங்கதான் போவேன்" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு கத்த முடியவில்லை.

புதுத்துணி கட்டும் முன்னால் முனையில் மஞ்சள் தடவுவோம் அல்லவா? அதுதான் வழி காட்டியது. முனையில் என்ன, முழு வேட்டியையும் மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தேன். மாம்பழ நிறத்தில் வந்தது. நீல நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல சிவப்பு வாங்கினேன். சிவப்பு நூலை நம்பக் கூடாது, சாயம் விட்டுவிடும். அதனால் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. மஞ்சளில் சிவப்புத் தையல் ஓடிய படத்தைத் தம்பி மாமியாருக்கு அனுப்பினான். சாலாக் செலாத்தான் சரி சொல்லிவிட்டது. நூலுக்குச் சோதனை வைத்த புத்திசாலி மஞ்சளுக்கு வைத்தேனா? இல்லை. மஞ்சளை எந்தத் தமிழச்சி சந்தேகப்படுவாள்?

பெண் குழந்தை. அத்தை என்ற உரிமையில் நான்தான் முதலில் அதன் காதில் பெயரைச் சொன்னேன். சம்பந்தியம்மா இஞ்சியும் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினார். நானும் துணைக்கு அங்கேயே தங்கினேன். எனக்கும் அவருக்கும் மலாய்தான் பாலம், அதுவும் ஆட்டம் காணும் பாலம். நல்ல சமையல், நல்ல சுத்தம், வாய் மட்டும் திறக்கமாட்டார். காற்றுப் படக் கூடாது என்று விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, குழந்தையைப் போர்வையில் இறுகச் சுற்றி வைத்தார். பூப்போட்ட பக்கத்தை மேலே போட்டுத்தான் அதில் குழந்தையைக் கிடத்துவார். சுற்றும்போது ஓரங்களை மடித்துவிடுவதில் அடித்துணியும் அதன் மேல் பட்டது. அந்தக் கொஞ்சமே எனக்குப் போதும் என்றிருந்தது.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி ஒரு நாள் காலை வந்தார். போர்வையைப் பிரித்து, குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. கழுத்து மஞ்சள், தோள் மஞ்சள், முதுகு மஞ்சள். பிறந்த குழந்தைக்குக் காமாலை என்றால் இந்த ஊரில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கமாட்டார்கள். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உடனே கிளினிக்கில் காட்டிவிடுங்கள் என்றார். ஆடிப்போய்விட்டோம். தம்பி மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டே காரில் ஏறினாள். அவள் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. செத்தவர் துணி என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. உள்ளபடி சொல்கிறேன், அந்த நேரம் நானும் அதைத்தான் நினைத்தேன். அப்பா, தெரியாமல் செய்துவிட்டேன், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. முடிவு வந்தது: ஒன்றுமில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது. அப்போதுதான் என் மடியைப் பார்த்தேன். குழந்தையை வைத்திருந்த வெள்ளைத் துப்பட்டாவில் மாம்பழ நிறத்தில் ஒரு முதுகு பதிந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னேன். வேர்வையில் சாயம் மெல்லிய ஃபிளானலையும் மேல்துணியையும் தாண்டி இறங்கியிருக்கிறது. தம்பி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான். மருத்துவர் தமிழர்தான், அவரும் சிரித்தார். தம்பி மனைவி அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் போர்வையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார். அடுத்த முறை அதைக் குப்பையில்தான் பார்ப்போம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே போனேன். வாளியை எட்டிப் பார்த்தேன். சோப்புப் பட்ட மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியிருந்தது, அவர் பயப்படாமல் கசக்கிக்கொண்டிருந்தார். பிழிந்து, பால்கனி வெயிலில் காயப்போட்டார். மறுநாளும் நனைத்துக் காயப்போட்டார். அதற்கு மறுநாளும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் வேட்டி பழையபடி வெள்ளையாகிவிட்டது.

அன்று அவர் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் பிரிந்த ஓர் இடத்தைத் தடவிப் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். தூக்கிப் போட்டுவிடலாம் ஆன்டி, வேறு தைத்துத் தருகிறேன் என்று மலாயில் சொன்னேன். மனம் விட்டுத்தான் சொன்னேன்.

அவர் தலை நிமிராமல் பேசினார். மலாயில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். "உன் அப்பா ஒருதடவ என் வீட்டுக்கு வந்தாரு. கல்யாணம் பேச. வெள்ளை வேட்டி, கையில ஆரஞ்சுப் பழம். நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். கேட்டைத் திறக்கல. நல்ல வெயிலு. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் பழத்த கேட்ல மாட்டிட்டுப் போயிட்டாரு." வேட்டியை நீவிக்கொண்டே, "வெள்ளையப் பார்த்தா எனக்கு அதுதான் தெரியுது" என்றார்.

என் அப்பாவை வெயிலில் நிற்க வைத்தார் என்றால் நான் எரிந்திருக்க வேண்டும். எரியவும் எரிந்தது. ஆனால் அப்பா அன்று திரும்பி வந்து எங்களிடம் சொன்னது வேறு. அதை அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வீட்ல யாரும் இல்ல, எல்லாரும் வெளிய போயிருக்காங்க போல. நல்ல வீடு, வாசல் எல்லாம் பூச்செடின்னாரு எங்க அப்பா" என்று சொன்னேன். கடைசி வரைக்கும் அதை அப்பா மாற்றிச் சொல்லவே இல்லை.

அந்த அம்மா வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

பிறகு எழுந்து போய்ப் போர்வையை மெத்தையில் விரித்தார். வேட்டிப் பக்கத்தை மேலே வைத்து விரித்தார். குழந்தையைத் தூக்கி நடுவில் கிடத்தி, அதன் குட்டிக் கையைப் பிடித்து வெள்ளைத் துணியில் வைத்து, "யே யே" என்றார். மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். வாசலில் நின்ற தம்பி மனைவியை நான் பார்த்தேன். அப்பாவின் அப்பாவைச் சீனத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம் அக்கா என்று சொன்னாள்.